லீவு நாள் குளிசை

செலஸ்ரீனா இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவுக்கு வந்தது 1989ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். 1990 என்று சொல்பவர்களும் உண்டு. அது அவளுக்குப் பெர்மெசோ என்ற தங்கும் அனுமதி கிடைத்த ஆண்டு. இடைப்பட்ட மாதங்களை அல்பெர்கேரியா என்ற பகுதியில் அண்ணன் பவுலின் ஒற்றை அறையில், சீலைத் திரைக்கு அந்தப் பக்கம் படுத்துக் கழித்தாள். பவுல் அவளுக்கு ஐந்து வருடம் முன்னதாக வந்தவன். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளைக் கழுவுவது அவன் வேலை. இருவரும் மன்னார், பேசாலைப் பிள்ளைகள். இப்போது பலெர்மோவில் இருக்கும் நானும் அந்த ஊர்க்காரன் என்பதால் அவர்களைச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

அவளுடைய கணவன் பெனடிக்ற் 1986 ஆடி மாதத்தில் ஒரு நாள் வள்ளத்தோடு கடலுக்குப் போனான். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. உடல் கிடைக்காவிட்டாலும் இறந்தோர் பூசை வைக்கலாம் என்று பங்குச் சுவாமியார் சொன்னார். செலஸ்ரீனா சம்மதிக்கவில்லை. தாலியையும் கழற்றவில்லை. மகள் மொனிகாவுக்கு அப்போது ஏழு வயது. அவளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் செலஸ்ரீனா இத்தாலிக்கு வந்தாள். அடுத்த வருடம் அக்கா குடும்பம் மொனிகாவையும் கூட்டிக்கொண்டு படகேறி இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமில் தங்கியது. இங்கே நான் எழுதுகிற காலம் முழுவதும் தாய் பலெர்மோவில், மகள் மண்டபத்தில்.

மகளைக் கூப்பிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் செலஸ்ரீனாவுக்கு இருந்ததாக நான் அறியேன். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. தாய்க்குப் பெர்மெசோவும் பதிவு செய்த வேலையும் இருக்க வேண்டும். பிள்ளை பதினெட்டு வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். மொனிகா பிறந்தது 1979 பெப்ரவரி 14. ஆகவே 1997 பெப்ரவரி 14 வருவதற்குள் எல்லாப் பத்திரமும் முடிந்திருக்க வேண்டும். காலம் நிறைய இருந்ததுபோலத்தான் தெரிந்தது. ஆனால் பிள்ளையை நாட்டுக்குள் எடுக்கத் தகப்பனின் சம்மதக் கையொப்பம் தேவை, அல்லது அவர் இறந்ததற்கான அத்தாட்சி தேவை. பெனடிக்ற் இறந்துவிட்டான் என்று எழுதிக் கையொப்பமிட அவள் நாலு வருடம் மறுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மன்னாரில் ஒரு சட்டத்தரணி மூலம் அத்தாட்சி எடுக்கச் சம்மதித்தாள். அது 1995 தை மாதத்தில் வந்து சேர்ந்தது.

அந்தத் தை மாதத்திலிருந்துதான் அவளுக்குச் சுகமில்லாமல் போனது.

அப்போது அவள் லிபெர்த்தா வீதியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் நாலாம் மாடியில் வீட்டோடு தங்கி வேலை செய்துகொண்டிருந்தாள். சிஞ்ஞோரா கார்மேலா என்ற எண்பத்தைந்து வயதுக் கிழவியைப் பார்க்கும் வேலை. சமைப்பது, குளிக்கவார்ப்பது, உடுத்துவது எல்லாம் பகலில். இரவில் கிழவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுக்க வேண்டும். கிழவி இரவில் இரண்டு மூன்று தரம் "செலெஸ்தே, செலெஸ்தே" என்று கூப்பிடுவாள். எழுந்து கைபிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து கிடத்த வேண்டும். பெயரை அரைவாசியாக்கிவிட்டாளே தவிர அவள் நல்ல மனுசி. உப்புக் கூட, உப்புக் குறைவு என்று இருவரும் சண்டை பிடிப்பார்கள். பிறகு ஒன்றாக இருந்து தொலைக்காட்சி பார்ப்பார்கள்.

இந்த நாட்டில் வீட்டோடு வேலை செய்யும் பெண்களுக்கு வியாழன் மத்தியானத்துக்குப் பின்னும், ஞாயிறு முழுவதும் லீவு. அந்த நேரங்களில் சிஞ்ஞோராவின் மகள் ஜோவான்னா வந்து தாயோடு நிற்பாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. சனி இரவே வந்துவிடுவாள். செலஸ்ரீனா பஸ் பிடித்து அண்ணன் வீட்டுக்கு வந்து, இரவு தங்கி விடியத்தான் திரும்புவாள். வியாழன் பின்னேரங்களில் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரெயில் நிலையத்தின் முன்னால் நின்றால் எங்கள் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வருவது தெரியும். பல்லரோச் சந்தையில் கடைக்காரர் மீன் பலகைகளைக் கழுவத் தொடங்கும் நேரத்தில் இவர்கள் வந்து மிச்சமிருப்பதைப் பேரம் பேசுவார்கள்.

அந்தச் சந்தையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள அறையில், வியாழக்கிழமைகளில் மிலாக்ரோஸ் இருப்பார். அவர் பெரு நாட்டுக்காரி. லீமா நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சமூகசேவை அலுவலராக இருந்தவர். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்றபடியால் ஐந்து வருடம் அவரும் வீட்டோடு வேலை செய்தார். பிறகு ஒரு சிசிலிக்காரரைக் கலியாணம் செய்துகொண்டு, பங்குத் தேவாலயத்தில் கேட்டு அந்த அறையை எடுத்தார். முதலில் பெரு, எக்குவடோர் நாட்டுப் பெண்கள் வந்தார்கள். பத்திரம் நிரப்ப என்றுதான் வருவார்கள். ஆனால் கதைக்கத் தொடங்கினால் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தது, நித்திரை இல்லாதது, காரணமில்லாமல் அழுகை வருவது என்று வேறு எல்லாம் வரும். பிறகு எங்கள் பெண்களும் போகத் தொடங்கினார்கள். மிலாக்ரோசின் இத்தாலியத்தில் பாதி ஸ்பானியம், இவர்களுடையதில் பாதி சிசிலியம். எப்படியோ விளங்கிக்கொண்டார்கள். எல்லோருக்கும் அவர் மிலா அக்கா.

பெனடிக்றின் மரண அத்தாட்சியை மொழிபெயர்க்கக் கொடுக்க வந்த அன்றைக்கு, மேசையில் அதை வைத்துவிட்டுச் செலஸ்ரீனா கையை எடுக்கவில்லை என்று மிலாக்ரோஸ் பின்னர் என்னிடம் சொன்னார். விரலை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்ததாம்.

நோயின் அடையாளங்களை முதலில் கண்டவள் குகனேஸ்வரி. யாழ்ப்பாணத்துப் பெண், அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் வேலை. துணி துவைக்கும் இயந்திரம் சுற்றும்போது அதற்குள் வள்ளத்து மோட்டார்ச் சத்தம் கேட்கிறது என்று செலஸ்ரீனா அவளிடம் சொல்லியிருக்கிறாள். முதலில் விளையாட்டு மாதிரித்தான் சொன்னாள். பிறகு இயந்திரம் ஓடாத நேரத்திலும் கேட்கத் தொடங்கியது. பிறகு அதற்கு மறுமொழி சொல்லத் தொடங்கினாள். சாப்பாடு குறைந்தது. சிஞ்ஞோரா கூப்பிடாத இரவுகளிலும் எழுந்து யன்னலடியில் நிற்பாள்.

பவுல் அவளை ஞாயிறுதோறும் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு, நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் கூட்டிப்போனான். எங்கள் ஆட்களில் வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாக ஏறும் மலை அது. அவள் செருப்பில்லாமல் ஏறினாள். மலை ஏறும்போது கதைக்கத் தேவையில்லை என்பதால் அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் இறங்கி வந்ததும் மோட்டார் திரும்ப ஓடியது.

டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மிலாக்ரோஸ் சொன்னபோது பவுல் மறுத்தான். தங்கைக்குப் பைத்தியம் என்ற சொல் வெளியே போனால் நாளைக்கு மொனிகாவை யார் கட்டுவார்கள் என்பது அவனுடைய கேள்வி. தன்னுடைய ஊரிலும் அண்ணன்மார் இதையேதான் கேட்பார்கள் என்றார் மிலாக்ரோஸ். லீமா ஆஸ்பத்திரிக்கு மலைநாட்டுப் பெண்கள் வருவார்கள். அவர்களுடைய பாஷை டாக்டருக்குத் தெரியாது. ஒரு சத்து ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்காரிக்கு வந்தால் அது நோய், வேலைக்காரிக்கு வந்தால் அது களைப்பு, இங்கேயும் அதே கணக்குத்தான் என்றார். கடைசியில் பவுல், ஆருக்கும் தெரியாமல் என்றால் சரி என்றான்.

மனநல நிலையத்தில் டாக்டர் வித்தாலே என்பவர் பார்த்து, குளிசை மருந்து எழுதிக்கொடுத்தார். பொறுமையான மனிதர். ஆனால் நிலையம் காலையில்தான் திறந்திருக்கும். வியாழன் பின்னேரம் பூட்டு. ஒவ்வொரு தரமும் செலஸ்ரீனா வேலை வீட்டில் பொய் சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது. பெர்மெசோ புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போகிறேன் என்பதுதான் அந்தப் பொய். உன்னை இவர்கள் எத்தனை தரம்தான் புதுப்பிப்பார்கள், இன்னும் புதிதாகத் தெரியவில்லையே என்று ஜோவான்னா பகிடி பண்ணுவாளாம். செலஸ்ரீனாவும் சிரிப்பாளாம்.

டாக்டரின் அறையில் பவுல்தான் பேசுவான். அண்ணன் இருக்கத் தங்கை வாய் திறப்பது எங்களுக்குள் வழக்கமில்லை. குளிசை ஒழுங்காகக் குடிக்கிறாளா என்று டாக்டர் கேட்பார். பவுல் அவள் பக்கம் திரும்பாமலே "சி, சி, தொத்தோரே" என்று ஓம் சொல்வான். அது பொய் அல்ல. அவன் வீட்டில், அவன் கண் முன்னால், அவன் ஊற்றிக்கொடுத்த தண்ணீரில்தான் அவள் குளிசை குடிப்பாள். ஒரு தரமாவது மறந்ததை அவன் கண்டதில்லை.

மருந்து வேலை செய்யவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். சில மாதம் கழித்துத் திரும்பவும் கூட்டினார். செலஸ்ரீனா இன்னும் மெலிந்தாள். 1996 கோடையில், இப்படியே போனால் வார்ட்டில் சேர்க்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்னார். வார்ட் என்றால் வேலை போகும். வேலை போனால் மொனிகா வர முடியாது. அன்றைக்கு அந்த அறையில் பவுல் விளக்கிச் சொல்லாமலே செலஸ்ரீனாவுக்கு முழுவதும் விளங்கியது.

செப்டெம்பர் கடைசி வியாழனன்று மிலாக்ரோசின் அறையில் வழக்கமான கூட்டம். பெண்கள் மேசையைச் சுற்றி இருந்து முள்ளுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். செலஸ்ரீனா மேசையில் தலையை வைத்துக் குறட்டை விட்டு உறங்கினாள். குகனேஸ்வரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"மிலா அக்கா, உங்கடை அறைக்கு வந்தால்தான் இந்த மனுசிக்கு நித்திரை. சுவாமியாற்றை பிரசங்கத்துக்குக்கூட இப்பிடி ஒருத்தரும் கொள்ளமாட்டினமாம்."

தமிழ்ப் பெண்கள் சிரித்தார்கள். இத்தாலியத்தில் சொன்னதும் மற்றவர்களும் சிரித்தார்கள். மிலாக்ரோசும் சிரித்துக்கொண்டே, மற்ற நாட்களில் வேலை வீட்டில் ஆள் எப்படி என்று கேட்டார்.

"நேற்றுக் காலமை பல்கனியிலை உடுப்புக் காயப்போடேக்கை கண்டனான். தனிய நிண்டு கதைக்கிறா. கண் ரெண்டும் நெருப்பு. இரவிலை கண்மூடினதுக்கு ஒரு அடையாளமும் இல்லை."

மிலாக்ரோஸ் கத்தியை மேசையில் வைத்தார். அதே மருந்துதான், அதே அளவுதான். புதன்கிழமை நித்திரையே இல்லை, வியாழக்கிழமை தலை நிமிரவில்லை. வியாழக்கிழமை என்றால் என்ன என்று, ஐந்து வருடம் அடுத்தவர் வீட்டில் படுத்தெழும்பிய அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. செலஸ்ரீனாவைத் தட்டி எழுப்பி, குகனேஸ்வரியை மொழிபெயர்க்க வைத்து, எந்த எந்த நாளில் குளிசை குடிக்கிறாய் என்று கேட்டார்.

"லீவு நாளிலை," என்றாள் செலஸ்ரீனா. "வியாழனும் ஞாயிறும். ஒரு கிழமையும் விட்டதில்லை. அண்ணையைக் கேளுங்கோ."

மற்ற நாட்களில்?

"மற்ற நாளிலை குடிச்சால் சிஞ்ஞோரா கூப்பிடுறது எனக்குக் கேட்காதே. வேலை நாளிலை குடிக்கிற மருந்தே இது? ஞாயிறு ஒரு பூசை கண்டால் கிழமை முழுக்கக் காணுந்தானே. அப்பிடித்தான் நினைச்சன்."

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மூலையில் இருந்த பெரு நாட்டுப் பெண் ஒருத்தி, தானும் அப்படித்தான் குடிப்பதாகச் சொல்லி, அதில் என்ன பிழை என்று கேட்டாள்.

திங்கட்கிழமை மிலாக்ரோஸ் டாக்டரிடம் போனார். டாக்டர் வித்தாலே எல்லாவற்றையும் கேட்டார். அவளுடைய கணவனைப் பற்றிக் கேட்டேன், கனவுகளைப் பற்றிக் கேட்டேன், இரவில் அவள் பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை என்றாராம். கூட்டிய அளவை எல்லாம் குறைத்தார். ஒரு சிறு குளிசை, ஆனால் ஒவ்வொரு இரவும். அதோடு வேலை வீட்டில் சொல்லிவிட வேண்டும், கிழவியை இரவில் பார்க்க வேறு ஏற்பாடு செய்யச் சொல்ல வேண்டும் என்றார். தானே போய் ஜோவான்னாவிடம் பேசுவதாக மிலாக்ரோஸ் செலஸ்ரீனாவிடம் சொன்னார்.

செலஸ்ரீனா மிலாக்ரோசின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அக்கா. என்ரை நித்திரையை நான் அவைக்கு வித்துப்போட்டன். இப்ப போய்த் திருப்பித் தாங்கோ எண்டு கேட்டால் வேறை ஆளை எடுப்பினம். மொனிகா வரட்டும். அவள் வந்திட்டால் நான் எவ்வளவு நாளெண்டாலும் வார்ட்டிலை கிடக்கிறன்."

மொனிகாவுக்கான விண்ணப்பம், மொழிபெயர்ப்பும் முத்திரையுமாக ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுபட்டு, அந்தக் கிழமைதான் உள்ளே போயிருந்தது. தை மாதத்துக்குள் அனுமதி வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். மிலாக்ரோஸ் ஜோவான்னாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது சரியா என்று பிறகு பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். தாயின் பேச்சைத் தாண்டி ஓர் அந்நியர் அவளுடைய வேலை வீட்டில் போய்ப் பேசுவது சரியா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து செலஸ்ரீனா ஒவ்வொரு இரவும் குளிசை குடித்தாள். அந்த மாதத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பம். அவள் சாப்பிட்டாள். துணி இயந்திரம் துணி இயந்திரமாகவே சுற்றியது. குகனேஸ்வரியோடு பல்லரோவில் கத்தரிக்காய் விலைக்குச் சண்டை பிடித்தாள். மகள் வரப்போகிறாள் என்று சிஞ்ஞோராவுக்குச் சொல்ல, கிழவி தன்னுடைய பழைய கம்பளிச் சட்டை ஒன்றை மொனிகாவுக்கு என்று எடுத்துவைத்தாள். சிஞ்ஞோரா இரவில் கூப்பிட்டால் கொஞ்சம் தாமதித்தாவது கேட்டது.

நவம்பர் இரண்டாம் திகதி இறந்தோர் நாள். பலெர்மோவில் அன்றைக்கு இறந்தவர்கள் வந்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. சந்தையெங்கும் சீனியில் வார்த்துச் சாயம் பூசிய பொம்மைகள் விற்கும். செலஸ்ரீனா ஒரு குதிரைவீரன் பொம்மை வாங்கி வந்து அண்ணன் வீட்டு அலுமாரியில் வைத்தாள். இது யாருக்கு என்று பவுல் கேட்டான்.

"மொனிகாவுக்கு," என்றாள். "தகப்பன் குடுத்தது."

அதே நாள் அவள் பெயரில் எங்கள் தேவாலயத்தில் பெனடிக்றுக்காக இறந்தோர் பூசை ஒப்புக்கொடுக்கப்பட்டது. பத்து வருடத்துக்குப் பிறகு. பூசை முடிந்ததும் அவள் பீடத்தின் முன்னால் நின்று தாலியைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். அழுதாள், ஆனால் மற்றவர்கள் அழுவது மாதிரி அழுதாள். அவள் சுகமாகிவிட்டாள் என்று நான் நினைத்த நாள் அதுதான்.

இருபது நாள்கூடப் போகவில்லை. ஒரு விடியற்காலை ஜோவான்னாவுக்குக் கீழ்மாடிக்காரர் தொலைபேசி எடுத்தார். மேலே யாரோ முனகும் சத்தம் கேட்கிறது என்றார். அவள் வந்து திறந்தபோது தாய் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பக்கத்து மடக்குக் கட்டிலில் செலஸ்ரீனா நித்திரை. வருடக்கணக்கில் கொள்ளாத நித்திரை அது. ஜோவான்னா தோளைப் பிடித்து உலுப்பித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அவளைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு, கைப்பையில் இருந்த குளிசைப் பெட்டியைச் செலஸ்ரீனாவே எடுத்துக் காட்டினாள். ஜோவான்னா அதன் பெயரைப் படித்துவிட்டுச் சொன்னாளாம், எனக்குச் சொல்லியிருக்கலாமே செலெஸ்தே, இரண்டு வருடமாக உன்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டேனே என்று. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று செலஸ்ரீனா கேட்கவில்லை. ஜோவான்னா, அம்மாவுக்கு இரவில் கேட்கிற ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். சிஞ்ஞோரா கார்மேலா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு செலெஸ்தே எங்கே, செலெஸ்தே எங்கே என்று கேட்டபடியே இருந்தாளாம். பேரனை அனுப்பி அந்தக் கம்பளிச் சட்டையை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

வேலை ஒப்பந்தம் முடிந்தது. விண்ணப்பம் நிற்க வேண்டுமானால் வேறு ஒப்பந்தம் வேண்டும். வியாழக்கிழமைப் பெண்கள் எல்லோரும் தேடினார்கள். மிலாக்ரோஸ் தெரிந்த வீடெல்லாம் கேட்டார். மணித்தியால வேலை கிடைத்தது, காலையில் இரண்டு வீடு கழுவுவது. அது பத்திரத்துக்குப் போதாது. முழு ஒப்பந்தம் தருகிறவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். இரவில் பார்க்க வேண்டும்.

மார்கழி முடியும்வரை செலஸ்ரீனா குளிசையைக் குடித்துக்கொண்டு காத்திருந்தாள். 1997 ஜனவரி ஏழாம் திகதி ஓர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் வீட்டில் இரவும் பகலுமாக வேலைக்குச் சேர்ந்தாள். படுக்கையில் கிடக்கும் மனிதர், புரட்டிவிட வேண்டும். ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து மிலாக்ரோசிடம் காட்டினாள். மருந்து என்று அவர் கேட்டபோது, குடிக்கிறேன், குறைந்த அளவுதானே, இந்த வீட்டில் சொல்லிவிட்டேன் என்றாள். குகனேஸ்வரிக்கும் அதையே சொன்னாள். பவுலுக்கும் அதையே சொன்னாள். வேலை வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. குளிசைப் பெட்டியைத் திறக்கவும் இல்லை. இம்முறை லீவு நாளில்கூடக் குடிக்கவில்லை. ஒரு தரம் பட்டது போதும் என்று நினைத்திருக்க வேண்டும்.

புதிய ஒப்பந்தம் விண்ணப்பத்தோடு சேர்க்கப்பட்டது. பெப்ரவரி பத்தாம் திகதி அசல் பத்திரங்களோடு நேரில் வரச் சொன்னார்கள். மொனிகாவின் பிறந்த நாளுக்கு நாலு நாள் முன்னால். மண்டபத்தில் மொனிகா ஒரு பை வாங்கி வைத்திருந்தாள் என்று அக்கா எழுதியிருந்தாள்.

பெப்ரவரி மூன்றாம் திகதி காலை வழக்கறிஞர் வீட்டுக்காரர் பவுலைத் தேடிப் பிடித்தார்கள். செலஸ்ரீனா வீட்டில் இல்லை. அவளைக் கடற்கரையோர வீதியில், பாறைகளுக்கு மேல் இருக்கக் கண்டுபிடித்தவர் ஒரு மீன்காரர். மழை. அவள் உள்வீட்டுச் செருப்போடு இருந்தாள். வள்ளம் வருகிறது, சத்தம் கேட்கிறது, ஆள் இல்லாவிட்டால் அவர் எங்கே இறங்குவது என்று தெரியாமல் திரும்பிப் போய்விடுவார் என்று அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பவுல் போய்க் கூப்பிட்டபோது, "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, கிட்ட வந்திட்டுது" என்றாள். அவனும் பக்கத்தில் பாறையில் இருந்தான். அம்புலன்ஸ் வரும்வரை அவளைத் தொட்டு இழுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

பத்தாம் திகதியும் பதினாலாம் திகதியும் அவள் வார்ட்டில் இருந்தாள். மிலாக்ரோஸ் பத்தாம் திகதி தனியாகக் குவெஸ்தூராவுக்குப் போனார். அங்கிருந்த அலுவலர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தாயும் வரவில்லை, வேலையும் இல்லை என்றால் நான் எதன்மேல் முத்திரை குத்துவது சிஞ்ஞோரா என்றார். அது நியாயமான கேள்விதான். பதினாலாம் திகதியோடு மொனிகாவுக்குப் பதினெட்டு முடிந்தது.

வார்ட்டிலிருந்து அவளை விட்டது பங்குனியில். டாக்டர் வித்தாலே ஒவ்வொரு கிழமையும் வந்து பார்த்தார். அந்த வசந்தத்திலிருந்து அவருடைய நிலையம் வியாழன் பின்னேரமும் திறக்கிறது. மிலாக்ரோஸ் அதற்காக எழுதிய மனுக்கள் அதற்கு முந்திய இரண்டு வருடமும் போய்க்கொண்டிருந்தன. இதை அவருடைய வெற்றி என்று யாரோ சொன்னபோது மிலாக்ரோஸ் எழுந்து வெளியே போய்விட்டார்.

வெளியே வந்த முதல் வியாழன், ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில் உள்ள தொலைபேசிக் கடைக்குச் செலஸ்ரீனாவைப் பவுலும் மிலாக்ரோசும் கூட்டிப்போனார்கள். மண்டபத்தில் முகாமுக்கு வெளியே ஒரு கடையில் மொனிகா காத்திருந்தாள். பவுல் முன்பே எடுத்து எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லியிருந்தான். நானும் அன்று அங்கே வேறு அலுவலாக நின்றேன். தொலைபேசிப் பெட்டிக்குள் அவள் பேசியது வெளியே கேட்டது. முதலில் சொன்னது இதுதான்:

"உன்னைக் கூப்பிடேலாமல் போச்சு பிள்ளை."

மொனிகா என்ன சொன்னாள் என்பதை அன்று மாலை பவுல் வீட்டில் செலஸ்ரீனாவே சொன்னாள். பதினெட்டு வயதுப் பெண் அழவில்லையாம், ஏன் என்று கேட்கவில்லையாம். ஒன்றைத்தான் கேட்டாளாம்: "அம்மா, இரவிலை நித்திரை கொள்ளுறியளோ?"

தாய் அதற்குச் சொன்ன மறுமொழியை நான் நேரில் கேட்டேன்.

"ஓம் பிள்ளை. ஒவ்வொரு நாளும் கொள்ளுறன். இப்ப என்னை ஒருத்தரும் கூப்பிடுறேல்லை."

செலஸ்ரீனா இன்றும் அல்பெர்கேரியாவில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் இரண்டு வீடு கழுவுகிறாள். குளிசையை ஏழு நாளும் குடிக்கிறாள். மொனிகாவுக்குப் போன வருடம், 1998 ஆவணியில், மண்டபத்திலேயே கலியாணம் நடந்தது. பெர்மெசோ புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் தாய் போகவில்லை. அந்த முறை அது பொய் அல்ல. கலியாணப் படம் பவுல் வீட்டு அலுமாரியில், சீனிப் பொம்மைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறது. பொம்மையின் சாயம் வெளிறிவிட்டது. குதிரையின் ஒரு காலை எறும்பு தின்றுவிட்டது. எடுத்து எறியலாமே என்று குகனேஸ்வரி ஒரு நாள் சொல்ல, செலஸ்ரீனா அதைத் துடைத்து அதே இடத்தில் திரும்ப வைத்தாள்.